பழைய செல்போனுக்குப் புது வசதி கிடையாதா?

சிவகாசிப் பக்கத்தில் பட்டாசுத் தொழிற்சாலைக்கு "பட்டாசு ஆபீஸ்" என்று பெயர்.

அந்த ஆபீசுக்குள் செல்போன் கொண்டு போகக் கூடாது. மருந்து இருக்கும் இடம். சிறு பொறியும் ஆபத்து.

காலையில் வேலைக்குப் போகிறவர், மாலையில்தான் செல்போனைத் தொடுகிறார். அதற்குள் எத்தனையோ செய்திகள் வந்து கிடக்கும். பள்ளிக்கூடத்துச் செய்தி, பாங்கிச் செய்தி, மளிகைக் கடைக் கணக்கு!

அப்படி ஒருவர் வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மகள் ஓடி வந்து சொல்கிறாள்:

"அப்பா, சித்தப்பா போன்ல இந்தியில எழுதுனதைக் காட்டுனா, அதுவே தமிழ்ல படிச்சுச் சொல்லுது. நம்ம போன்ல அது வரலை."

"நம்ம போனும் அதே கம்பெனிதானே? வாங்கி ரெண்டு வருஷம்கூட ஆகலையே!" என்கிறார் அப்பா.

"அது புது மாடலுக்குத்தான் வருமாம்."

அப்பா பேசாமல் இருக்கிறார். வாரக்கூலியில் மிச்சம் பிடித்து, தவணை கட்டி வாங்கிய போன் அது. கடைசித் தவணை இப்போதுதான் முடிந்தது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் சிவகாசி, சாத்தூர், விருதுநகர் என்று எந்த ஊரிலும், எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய பேச்சு.

பழைய போனுக்குப் புது வசதி ஏன் வருவதில்லை? போனால் முடியவில்லையா? அல்லது, புதுப் போன் விற்க வேண்டும் என்பதற்காகக் கம்பெனி கொடுக்க மறுக்கிறதா?

இரண்டும் உண்டு. எப்படி என்று பார்ப்போம்.

இட்லிப் பானைக் கணக்கு

செல்போனில் இரண்டு பாகம் உண்டு. ஒன்று, கையில் பிடிக்கும் எந்திரம். இன்னொன்று, அந்த எந்திரத்தை வேலை வாங்கும் சாப்ட்வேர்.

எந்திரத்தை மாற்ற முடியாது. சாப்ட்வேரை மாற்றலாம். கம்பெனி அவ்வப்போது புது சாப்ட்வேரை இன்டர்நெட் வழியாக அனுப்புகிறது. அதற்குத்தான் "அப்டேட்" என்று பெயர். புது வசதிகள் அதில்தான் வருகின்றன.

வீட்டில் உள்ள இட்லிப் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். 12 இட்லி வேகும் பானையில் 40 இட்லி வேகாது. அது பானையின் குற்றமும் அல்ல, சமைப்பவர் குற்றமும் அல்ல.

போனில் "ரேம்" என்று ஒன்று இருக்கிறது. ஒரு நேரத்தில் எவ்வளவு வேலையைப் பரப்பி வைத்துச் செய்யலாம் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். ரேம் குறைவாக இருந்தால், பெரிய வேலைகள் உள்ளே நுழையவே முடியாது.

ஏ.ஐ. என்று சொல்லப்படும் செயற்கை அறிவு வசதிகளுக்கு ரேம் நிறைய வேண்டும். ஆகவே, "பழைய போனால் முடியாது" என்று கம்பெனி சொல்வது சில நேரம் உண்மை.

சில நேரம்தான்! எல்லா நேரமும் அல்ல.

முடியாது என்றார்கள், முடிந்தது!

2023 அக்டோபரில் கூகிள் கம்பெனி இரண்டு போன்களை வெளியிட்டது. ஒன்று பிக்சல் 8. மற்றொன்று பிக்சல் 8 புரோ. இரண்டிலும் மூளையாக இருக்கும் சிப் ஒன்றேதான். ரேம் மட்டும் வேறு. சின்னதில் 8 ஜி.பி., பெரியதில் 12 ஜி.பி.

போனுக்குள்ளேயே வேலை செய்யும் ஏ.ஐ. ஒன்றை கூகிள் பெரிய போனுக்குக் கொடுத்தது. சின்ன போனுக்குக் கிடையாது. "அந்த எந்திரத்துக்கு வசதி போதாது" என்று 2024 மார்ச்சில் காரணம் சொன்னார்கள்.

போன் வாங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. "வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லையே!" என்று கூச்சல் போட்டார்கள்.

என்ன ஆயிற்று தெரியுமா? அதே மார்ச் மாதக் கடைசியில், "சின்ன போனுக்கும் கொடுக்கிறோம்" என்று கூகிள் அறிவித்தது! முதலில் சோதனை வசதியாக, விரும்புகிறவர்கள் மட்டும் திறந்துகொள்ளும்படி, அந்த ஆண்டே கொடுத்தது.

எந்திரம் மாறவில்லை. ரேம் கூடவில்லை. மாறியது கம்பெனியின் முடிவுதான்.

பறிபோன வசதி

ஆப்பிள் கம்பெனியிலும் ஒரு பழைய கதை உண்டு.

வாயால் கேட்டால் பதில் சொல்லும் "சிரி" என்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2010-ல் அது வேறொரு சிறு கம்பெனியின் ஆப். அப்போதைய ஐபோனில் இறக்கிப் பயன்படுத்தலாம். அந்த ஆண்டே ஆப்பிள் அந்தக் கம்பெனியை வாங்கிவிட்டது.

2011 அக்டோபரில் ஐபோன் 4எஸ் வந்தது. சிரி அதன் சிறப்பு வசதி ஆயிற்று. பழைய போன்களில் இருந்த ஆப் நிறுத்தப்பட்டது. புது சிரியும் அவற்றுக்குக் கொடுக்கப்படவில்லை.

நேற்று வரை பேசிய போன், இன்று ஊமை ஆகிவிட்டது!

ஆப்பிள் பக்க நியாயம்

ஒரு பக்கத்தை மட்டும் சொல்வது முறை அல்ல. மறு பக்கத்தையும் பார்ப்போம்.

2024-ல் ஆப்பிள் தன் ஏ.ஐ. வசதியை வெளியிட்டது. அது ஐபோன் 15 புரோவிலும், அதற்குப் பின் வந்த போன்களிலும்தான் வேலை செய்யும். சாதாரண ஐபோன் 15-க்குக் கிடையாது.

ஐபோன் 15 இந்தியாவில் 2023 செப்டம்பரில் வெளிவந்தபோது ஆரம்ப விலை 79,900 ரூபாய். அவ்வளவு கொடுத்தவர்களுக்குக் கோபம் வராதா?

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2020-ல் வெளிவந்த சில ஆப்பிள் கம்ப்யூட்டர்களுக்கும் இதே வசதி கொடுக்கப்பட்டது. அவற்றில் குறைந்தது 8 ஜி.பி. ரேம் இருந்தது. ஐபோன் 15-ல் 6 ஜி.பி.தான்.

புதுச் சரக்கு விற்பது மட்டும் நோக்கம் என்றால், 2020-ம் ஆண்டுக் கம்ப்யூட்டருக்கு ஏன் கொடுக்க வேண்டும்? ஆகவே இங்கே பானை சிறியது என்பது உண்மையான காரணமாகவே தோன்றுகிறது.

ஆனாலும் ஒரு கேள்வி நிற்கிறது. 2023-ல் சிறிய பானையைக் கொடுத்தது யார்? அதே கம்பெனிதானே!

சொல்லாமல் செய்த வேலை

வசதி கொடுக்காதது ஒரு பக்கம். இருக்கும் வேகத்தையே குறைத்த கதையும் உண்டு.

2017-ல் பழைய ஐபோன்கள் மெதுவாக ஓடுவதாகப் பலர் சந்தேகப்பட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் உண்மை வெளிவந்தது. பாட்டரி பழசான போன்களின் வேகத்தை அப்டேட் மூலம் ஆப்பிள் குறைத்திருந்தது!

"பழைய பாட்டரியால் போன் திடீரென்று அணைந்துவிடும். அதைத் தடுக்கத்தான் அப்படிச் செய்தோம்" என்பது கம்பெனியின் பதில். காரணம் சரியாகவே இருக்கலாம். ஆனால் போன் வைத்திருப்பவரிடம் அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. பாட்டரியை மாற்றினால் போதும் என்று தெரியாமல், புதுப் போன் வாங்கியவர்கள் உண்டு.

ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது. பாட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. பிரான்சு நாடு 2020-ல் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் போட்டது. அமெரிக்காவில் நடந்த வழக்கில், தவறை ஒப்புக்கொள்ளாமலே, 50 கோடி டாலர் வரை கொடுக்க ஆப்பிள் சம்மதித்தது.

சாம்சங் கம்பெனியும் தப்பவில்லை. புதுப் போனுக்கு ஏற்ற அப்டேட்டைப் பழைய போனில் போடவைத்ததற்காக, 2018-ல் இத்தாலி அதற்கு 50 லட்சம் யூரோ அபராதம் போட்டது.

ஏழை வீட்டுப் போன்

"ஐபோன் எல்லாம் பணக்காரர் கதை" என்று நினைக்கிறீர்களா? ஏழைகளின் போன் கதையைக் கேளுங்கள்.

2017-ல் ஜியோபோன் வந்தது. 1,500 ரூபாய் முன்பணம் கட்டினால் கிடைக்கும் பட்டன் போன். முதலில் அதில் வாட்ஸ்அப் இல்லை. 2018-ல் வந்தது. பலரும் மகிழ்ந்தார்கள்.

2024-ல், அந்த வகைப் போன்களில் வாட்ஸ்அப்பைப் புதிதாக இறக்கிக்கொள்வது நிறுத்தப்பட்டது. போன் கெட்டுப்போகவில்லை. பட்டன் தேயவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்தி அதில் வராது.

புதுப் பகட்டு இல்லாமல் வாழ்ந்துவிடலாம். அன்றாடத் தேவை நின்றுபோனால் என்ன செய்வது?

அச்சு எந்திரம் ஓடுகிறதே!

சிவகாசி, எந்திரங்களின் அருமை தெரிந்த ஊர். தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொள்ள 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். அதிலிருந்து தீப்பெட்டி வளர்ந்தது, பட்டாசு வளர்ந்தது, லேபிள் அச்சடிக்கும் தொழிலும் வளர்ந்தது.

வெளிநாட்டில் பயன்படுத்திய அச்சு எந்திரங்களை வாங்கி வந்து, பழுது பார்த்து, வருஷக்கணக்கில் ஓட்டிய ஊர் இது. எண்ணெய் போட்டு, தேய்ந்த உருளையை மாற்றினால், எந்திரம் ஓடும். வாங்கியவர்தான் அதற்கு எஜமானர்.

செல்போன் அப்படி அல்ல. காசு கொடுத்து வாங்கியவர் நீங்கள். ஆனால் அதன் சாவி பாதி கம்பெனியிடம் இருக்கிறது.

கம்பெனிக்கும் சிரமம் உண்டு. ஒவ்வொரு பழைய மாடலுக்கும் அப்டேட்டைத் தனியாகத் தயார் செய்ய வேண்டும், சோதித்துப் பார்க்க வேண்டும். சிப் செய்கிற கம்பெனியும் ஒத்துழைக்க வேண்டும். இதற்கெல்லாம் பணம் செலவாகும். பழைய போனால் புது வருமானம் இல்லை.

ஆனால் முடியாத காரியம் அல்ல. பிக்சல் 8-க்கும், 2024-ல் வந்த சாம்சங் எஸ்24-க்கும் 7 ஆண்டு அப்டேட் தருவதாகக் கம்பெனிகள் வாக்குக் கொடுத்தன. விலை குறைந்த சாம்சங் ஏ16 5ஜி போனுக்கே 6 ஆண்டு வாக்குறுதி உண்டு. மற்றவர்களால் ஏன் முடியாது?

சட்டம் என்ன சொல்கிறது?

ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. ஒரு மாடலின் விற்பனை முடிந்த பிறகும், அதற்கான அப்டேட்டுகள் குறைந்தது 5 ஆண்டுகள் கிடைக்க வேண்டும் என்கிறது அது.

நம் நாட்டிலும் அசைவு தெரிகிறது. 2022 டிசம்பரில், பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு ஓர் இணையதளம் தொடங்கியது. 2025 ஜனவரியில், ஐபோன் அப்டேட் போட்ட பிறகு தொல்லை வருகிறது என்ற புகார்களின் பேரில், ஆப்பிளுக்கு நோட்டீசு போயிற்று. போனுக்கு "இது எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கக்கூடியது" என்று மதிப்பெண் போடலாம் என, 2025 மே மாதம் ஒரு குழு அறிக்கை கொடுத்தது. மதிப்பெண்ணுக்குப் பார்க்கும் அம்சங்களில் அப்டேட்டும் ஒன்று.

மருந்து அட்டையில் காலாவதித் தேதி இருக்கிறது. போன் பெட்டியின் மேலும் "இத்தனை ஆண்டு அப்டேட்" என்று தமிழில் அச்சடித்தால் என்ன? அச்சடிக்கச் சிவகாசி இருக்கிறது!

கடையில் கேளுங்கள்

விருதுநகர்க் கடைவீதியில் பருப்பு வாங்குகிறவர், கையில் அள்ளிப் பார்க்காமல் வாங்குவது இல்லை. போன் வாங்கும்போதும் நான்கு கேள்வி கேளுங்கள்.

ஒன்று: இந்த மாடலுக்கு எத்தனை ஆண்டு அப்டேட் வரும்? அந்தக் கணக்கு, மாடல் வெளிவந்த நாளிலிருந்தா, நான் வாங்கும் நாளிலிருந்தா? பெரும்பாலும் வெளிவந்த நாளிலிருந்துதான். இரண்டு வருஷம் பழைய மாடலைத் தள்ளுபடியில் வாங்கினால், இரண்டு வருஷம் அப்போதே போய்விட்டது!

இரண்டு: பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டு? இதுதான் முக்கியம். போனில் பாங்கிப் பணம் இருக்கிறது. திருடன் நுழையும் ஓட்டையை அடைப்பது இந்த அப்டேட்தான்.

மூன்று: ரேம் எவ்வளவு?

நான்கு: பாட்டரி மாற்ற எவ்வளவு ஆகும்? மெதுவாக ஓடும் போனுக்குச் சில நேரம் புது பாட்டரியே போதும்.

விளம்பரத்தில் சொன்ன வசதி வரவில்லை என்றால், விளம்பரத்தையும் ரசீதையும் பத்திரமாக வையுங்கள். 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லலாம். விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. அங்கேயும் போகலாம்.

அந்த மகளுக்கு என்ன பதில் சொல்வது?

"இந்தப் போன் இன்னும் நல்லாத்தான் இருக்கு. அந்த வசதி இல்லைன்னா ஒண்ணும் குறைஞ்சு போகாது. பாதுகாப்பு அப்டேட் வருதான்னு மட்டும் பாத்துக்கோ. அடுத்த போன் வாங்குறப்போ நீயும் கூட வா. எத்தனை வருஷம்னு நீயே கேளு."

பிக்சல் போன் வாங்கியவர்கள் கேட்டார்கள். அதனால்தான் அவர்களுக்குக் கிடைத்தது.