ஒரு ரூபாய் இட்லியும் நமது பேரேடும்



கடையில் விலை பேசும் வாடிக்கையாளர் சிலர் நம்மை மடக்குவதற்கென்றே ஒரு பேச்சு வைத்திருக்கிறார்கள். "வடிவேலம்பாளையத்துப் பாட்டி ஒரு ரூபாய்க்கு இட்லி விற்றாரே, நீங்கள் உளுந்துக்கு இந்த விலை சொல்கிறீர்களே" என்பார்கள். முதலில் நமக்குக் கோபம்தான் வந்தது. பிறகு, அந்த அம்மையாரும் ஒரு வியாபாரிதானே, அவர் கணக்கை வியாபாரி கண்ணோடு பார்த்தால் என்ன என்று தோன்றியது. அதன் விளைவே இக்கட்டுரை.

கமலாத்தாள் பாட்டியை அறியாதார் இல்லை. கோவை மாவட்டம் வடிவேலம்பாளையத்தில் விவசாயக் குடும்பத்தில் வாழ்ந்தவர். வீட்டார் எல்லாரும் காலையில் காட்டு வேலைக்குப் போய்விட, சும்மா இருக்க மனமில்லாமல் இட்லி சுடத் தொடங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். 2019-ல் பத்திரிகைகளில் செய்தி வந்தபோது அவருக்கு வயது எண்பது. தொழில் தொடங்கி முப்பது ஆண்டு ஆகியிருந்தது. அதுவரை ஆட்டுக்கல்லில் மாவாட்டி, விறகடுப்பில் வேகவைத்துத்தான் விற்றார். முன்பு ஐம்பது காசு. பிறகு ஒரு ரூபாய். அதற்கு மேல் ஏற்ற மறுத்துவிட்டார்.

இனி கணக்கு. அரிசியும் உளுந்தும் அவருக்கு மட்டும் மலிவாகக் கிடைத்துவிடவில்லை. 2015-ல் உளுந்து சில்லறையில் கிலோ 150 ரூபாயைத் தாண்டியதை நாம் மறக்க மாட்டோம். அந்த ஆண்டையும் கடந்து வந்துதான் 2019-ல் அவர் ஒரு ரூபாய்க்கு விற்றார். கடை அவர் வீடு, வாடகை இல்லை. காய்கறி தோட்டத்தில் பறித்தது. ஆள் சம்பளம் இல்லை. மாவாட்டிய கைக்கு அவர் கூலி எழுதவில்லை. அத்தனைக்கும் பிறகு நாளொன்றுக்குச் சுமார் 200 ரூபாய் மிஞ்சுவதாக அப்போது செய்தி வந்தது. அவர் கூலியைச் செலவில் எழுதிப் பாருங்கள். பேரேடு நஷ்டம்தான் காட்டும்.

ஆகவே, பஸ் நிலையத்தில் வாடகை கொடுத்து, மாஸ்டருக்கும் சப்ளையருக்கும் சம்பளம் கொடுத்து, கேஸ் சிலிண்டர் வாங்கி இட்லி விற்கும் ஒருவரைப் பார்த்து, "பாட்டியால் முடிந்தது, உன்னால் ஏன் முடியாது" என்று கேட்பது நியாயமன்று. அவரும் பிள்ளை குட்டிக்காரர். இதை நாம் எங்கும் சொல்வோம்.

ஆனால் நமது சங்க நண்பர்களில் சிலர் "அதெல்லாம் வியாபாரமே அல்ல, தருமம்" என்று ஒதுக்குகிறார்களே, அதுவும் சரியன்று. தருமம் செய்ய நினைத்திருந்தால் சும்மாவே போட்டிருக்கலாம். அவர் காசு வாங்கினார். கூலி வேலைக்குப் போகிறவர் பத்து ரூபாயை எடுத்து வைத்துவிட்டு, வயிறு நிறையச் சாப்பிட்டு, யாருக்கும் கடன்படாமல் எழுந்து போனார். அன்னதானப் பந்தியில் உட்காருவது வேறு, காசு கொடுத்துச் சாப்பிடுவது வேறு என்பது கூலிக்காரருக்குத் தெரியும். விலையை ஏற்றச் சொன்னவர்களிடம், வருகிறவர்கள் ஏழைகள், தினம் பதினைந்து இருபது ரூபாய் அவர்களால் கொடுக்க முடியாது என்றுதான் பாட்டி பதில் சொன்னார். நாம் கொள்முதல் சிட்டையைப் பார்த்து விலை வைக்கிறோம். அவர் வாங்குகிறவரின் மடியைப் பார்த்து வைத்தார்.

செய்தி பரவியதும் உதவி வந்தது. எரிவாயு இணைப்பு கிடைத்தது. தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா வீடு கட்டித் தர முன்வந்து, 2022 மே மாதம் அன்னையர் தினத்தன்று அந்த வீடு ஒப்படைக்கப்பட்டது. இடையில் 2020-ல் ஊரடங்கு வந்தபோதும் இட்லி ஒரு ரூபாய்தான். புகழ் வந்த பிறகு விலையைக் கூட்டியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நாமாக இருந்தால் கூட்டியிருப்போம் என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

இதை எழுதும்போது 2015-ல் நமது மண்டியில் நடந்த ஒன்று உறுத்துகிறது. விலை ஏறிய செய்தி வந்த மறுநாள் காலையே பலகையில் புது விலை எழுதினோம். உள்ளே இருந்த உளுந்து மூட்டைகள் பழைய விலைக்கு வாங்கியவை. தெருமுனையில் இட்லி போட்டு விற்கும் அம்மாள் ஒருவர், பல ஆண்டு வாடிக்கை, பலகையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க முதலாளி, இது பழைய மூட்டைங்களா, புது மூட்டைங்களா?" மார்க்கெட் விலை மார்க்கெட் விலைதான் என்றோம். ஒன்றும் பேசாமல் வழக்கத்தில் பாதி வாங்கிப் போனார்.

நாம் சொன்னது தொழில்முறைப்படி தவறில்லை. பழைய சரக்கைப் பழைய விலைக்கே விற்றுத் தீர்த்தால் புதுச் சரக்கு எடுக்க முதல் எங்கிருந்து வரும்? விலை இறங்கும்போது நஷ்டத்தை யார் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்? இதெல்லாம் உண்மை. ஆனால் அந்த அம்மாள் வாங்கியது நாளைக்கு இரண்டு கிலோ. அந்த இரண்டு கிலோவைப் பழைய விலைக்குக் கொடுத்திருந்தால் நமது மண்டி மூழ்கியிருக்காது. சில வாரத்தில் அவர் இட்லி சிறுத்தது. பிறகு அடுப்பை எடுத்துவிட்டார். கணக்கில் நின்ற 340 ரூபாயை மகன் கையில் கொடுத்தனுப்பித் தீர்த்தார்.

நாம் சொல்ல வருவது இவ்வளவுதான். எல்லாருக்கும் விலையைக் குறையுங்கள் என்று கேட்கவில்லை, அது நடக்காது. சமைத்து விற்றுப் பிழைக்கும் சிறு ஆட்கள் ஒவ்வொருவர் கடைக்கும் ஐந்தாறு பேர் வாடிக்கை இருப்பார்கள். விலை ஏறும் காலத்தில், இருக்கும் பழைய மூட்டை தீரும்வரை அவர்களுக்கு மட்டும் பழைய விலை என்று வைத்துக்கொள்ளலாம். சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, "எல்லாரும் நானும் இட்லிக்காரன் என்று வந்து நிற்பார்கள்" என்று ஒருவர் சிரித்தார். வந்து நிற்கட்டும், யார் இட்லிக்காரர் என்பது கடைக்காரருக்குத் தெரியாதா?

நமது மண்டியில் ஏழு பேருக்கு இப்படித் தனிச் சிட்டை போட்டிருக்கிறோம். அந்த அம்மாள் அதில் இல்லை. மகனோடு திருப்பூர் போய்விட்டதாகச் சொல்கிறார்கள்.