வீடு எரிந்தாலும் பாக்கி எரியாது!



கல்லாவில் உட்காருபவனுக்குச் சிரித்த முகம் வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். சரக்கு வாங்க ஆள் வரும்போது சிரிப்பது எளிது. வீடே பற்றி எரியும்போது சிரிக்க முடியுமா? முடியும், சிரிக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அந்தச் சிரிப்பு எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

திருக்குறளில் 63-ஆவது அதிகாரம் இடுக்கண் அழியாமை. துன்பம் வந்தால் சிரிக்கச் சொல்லித்தான் அந்த அதிகாரமே தொடங்குகிறது. பள்ளிக்கூடத்தில் படித்தபோது, நடக்கிற காரியமா இது என்று நினைத்தேன். சென்ற ஆண்டு எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில், என் வீட்டில் நள்ளிரவில் மின்கசிவால் தீப்பிடித்தபோதுதான் அதன் பொருள் விளங்கியது.

குடும்பத்தார் அனைவரும் படி வழியாக இறங்கித் தப்பிவிட்டோம். தீயணைப்பு வண்டி வந்து அணைப்பதற்குள் கூடமும் அடுக்களையும் கரியாகிவிட்டன. தெருவில் எல்லோரும் விக்கித்து நிற்கையில் என் மனைவி சொன்னாள்: "இருபது வருஷமா அந்தச் சோபாவைத் தூக்கிப் போடுங்கன்னு சொன்னேன். நீங்க கேட்கலை, அக்கினி பகவான் கேட்டுட்டார்." அழுதுகொண்டிருந்த மருமகள் சிரித்துவிட்டாள். பேரப்பிள்ளைகளின் பயம் தெளிந்தது. அதன் பிறகுதான் அன்று இரவு எங்கே படுப்பது, காலையில் யாரைப் பார்ப்பது என்று எங்களால் யோசிக்க முடிந்தது. இது சிரிப்பின் முதல் லாபம்.

இரண்டாவது லாபம் கடைத்தெருவில் கிடைத்தது. விடிவதற்குள் செய்தி பரவி, வீடு குடோனாகி, குடோன் மூன்று குடோன்களாகி, 'ஆள் இனித் தேறமாட்டார்' என்பது வரை போய்விட்டது. காலையில் ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர் போன் செய்து வெகுநேரம் நலம் விசாரித்தார். அவர் கேட்க நினைத்தும் கேட்காமல் தயங்கியது எதை என்று எனக்குத் தெரியும். "அண்ணாச்சி, வீடுதான் எரிந்தது. பாக்கி எரியவில்லை. நான் உங்களுக்குத் தரவேண்டியதும் பத்திரம், எனக்கு வரவேண்டியதும் பத்திரம். கடனைச் சுடுகிற நெருப்பை ஆண்டவன் இன்னும் படைக்கவில்லை" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். அந்த வார லோடு வழக்கம்போல் வந்து சேர்ந்தது. வியாபாரியின் முதல், பணம் மட்டுமல்ல; நாணயமும் முதல்தான். சோகமாகப் பேசியிருந்தால் அந்த நாணயத்திலும் தீப்பிடித்திருக்கும்.

ஆனால் ஒன்று. நட்டப்பட்டவன் தன் நட்டத்தைப் பற்றிச் சொன்னால்தான் அது நகைச்சுவை. அடுத்தவன் கடை எரியும்போது, "இன்சூரன்ஸ் எவ்வளவுப்பா?" என்று கண்சிமிட்டுவது நகைச்சுவை அல்ல, பழி. அந்தப் பேச்சு எங்கெங்கோ போய், நியாயமாக வரவேண்டிய பணத்துக்கும் முட்டுக்கட்டையாகலாம். 1985 மே 30-ஆம் தேதி சென்னை மூர் மார்க்கெட் எரிந்தபோது எத்தனையோ சிறு வியாபாரிகளின் பிழைப்பு சாம்பலானது. அப்படிப்பட்டவர்களிடம் ஆறுதலும் கைமாற்றும் தரலாம், கேலி பேசக்கூடாது. இந்த வழக்கத்தை நம் கடைத்தெரு விட்டொழிக்க வேண்டும்.

இன்னொன்று, சிரிப்பு மட்டும் சோறு போடாது. இலண்டனில் ட்ரூரி லேன் நாடக அரங்கம் 1809-இல் எரிந்தது. அதன் உரிமையாளர் ஷெரிடன் அருகில் இருந்த விடுதியில் அமர்ந்து குடித்தபடியே அதைப் பார்த்தாராம். வியந்து கேட்டவர்களிடம், ஒரு மனிதன் தன் சொந்த அடுப்பங்கரையில் உட்கார்ந்து ஒரு கிளாஸ் ஒயின் குடிக்கக் கூடாதா என்றாராம். நல்ல வேடிக்கைதான். ஆனால் அரங்கம் மீண்டும் எழுந்தபோது நிர்வாகம் அவர் கையில் இல்லை. 1816-இல் கடனாளியாகவே இறந்தார்.

1914 டிசம்பரில் எடிசனின் தொழிற்கூடங்கள் எரிந்தன. அப்போது அவருக்கு வயது 67. இப்படியொரு நெருப்பை இனிமேல் பார்க்க முடியாது, அம்மாவை அழைத்து வா என்று மகனிடம் சொன்னதாகக் கூறுவார்கள். அவரும் சிரித்தார், ஆனால் உடனே இடிபாடுகளை அகற்றி, சில வாரங்களிலேயே வேலையைத் தொடங்கினார். இருவரும் சிரித்தார்கள். சிரித்த கையோடு எழுந்தவர்தான் பிழைத்தார்.

ஆகவே, நெருப்பு வருமுன் செய்யவேண்டியதைச் செய்துவிடுவோம். கற்பூரம், தீப்பெட்டி, எண்ணெய் டின்களை மீட்டர் பெட்டிக்குக் கீழே அடுக்காதீர்கள். கணக்கின் நகல் ஒன்று கடைக்கு வெளியே இருக்கட்டும். சரக்கின் முழு மதிப்புக்கும் இன்சூரன்ஸ் செய்யுங்கள். 10 லட்ச ரூபாய்ச் சரக்கை 5 லட்சத்துக்குக் காப்பீடு செய்தவருக்கு 2 லட்சம் நட்டமானால், 1 லட்சம்தான் கிடைக்கும். 2021 முதல் சிறு வியாபாரிகளுக்கென வந்துள்ள பாலிசியில் 15 சதவீதம் வரை குறைந்தால் பொறுத்துக்கொள்கிறார்கள். அதற்கு மேல் இல்லை. வீட்டில் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பை அணைத்துத் தட்டால் மூடுங்கள். தீ பெரிதானால் லிப்டைத் தொடாமல் படியில் இறங்கி 101-ஐக் கூப்பிடுங்கள்.

இவ்வளவும் செய்து வைத்தவனுக்குத்தான் சிரிக்கத் தெம்பு இருக்கும். பிரீமியம் கட்டிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். சிரிப்பை எப்போதும் கைவசம் வையுங்கள்!