பற்றாசும் பயிற்சிக்களமும்

நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம் 2016இல் தொடங்கியது. தெரிவான பள்ளிகளுக்கு ரூ.20 இலட்சம் வரை நல்கி, 6 முதல் 12ஆம் வகுப்பு வரை பயில்வோர் கையில் ஆர்டுயினோ பலகையையும் முப்பரிமாண அச்சுப்பொறியையும் அது சேர்த்தது. இத்தகைய கூடங்களில் எந்திரனியல் கற்பிக்கும் உள்ளகப் பயிற்சியைப் பொறியியல் மாணவர்க்கே உரியதெனக் கருதுகிறோம். தமிழ் மாணவரும் அங்குச் செல்ல வேண்டும் என்பது என் கருத்து.

‘சால்டரிங்’ என்பதற்கு நாம் ஆளும் ‘பற்றவைத்தல்’ வெல்டிங்கையும் குறிக்கிறது. முன்னதில் இடையே வைக்கும் கலவை மட்டும் உருகும். பின்னதில் இணைக்கப்படும் உலோகமே உருகும். சூட்டுக்கோலை முதன்முறை பிடிக்கும் சிறுமிக்கு இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. அக்கலவைக்குப் ‘பற்றாசு’ என்ற சொல் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் உண்டு. பொற்கொல்லர் ‘பொடி’ என்பர். (‘பொடிவைத்துப் பேசுதல்’ அப்பட்டறை வழக்கே என்பாரும் உளர்.) கலைச்சொல் தொகுப்புகள் பெருகுகின்றன, அச்சொற்கள் பட்டறையில் நிற்கின்றனவா என்பதை அங்கிருந்துதான் அறிய இயலும்.

தாம்பரம் முதல் கூடுவாஞ்சேரி வரை இருப்புப்பாதையோரம் கலைக்கல்லூரிகளும் பொறியியல் கல்லூரிகளும் அடுத்தடுத்து உள்ளன. இருசாரார்க்கும் ஒருவராக இணையிணையாய் ஒரே பள்ளிக்கு அனுப்பலாம். தமிழ் மாணவர் பாடம் நடத்த வேண்டியதில்லை. பிள்ளைகள் எக்கருவியை எப்பெயரால் கேட்கின்றனர் எனக் குறித்து வந்தால் போதும். அச்சகத்தையும் இதழகத்தையும் பயிற்சிக்களமாக ஏற்கும் தமிழ்த்துறைகள் அக்குறிப்பேட்டிற்கும் மதிப்பெண் வழங்க முன்வர வேண்டும்.