காவல் நாய்க்கு வெறி எதுக்குங்க?

கோடை லீவு நெருங்கினால் டெல்லி, சண்டிகர் நம்மாட்களிடமிருந்து எனக்கு இந்த போன் வந்துவிடும்: "சார், ஊர்ல ஆட்டுப்பண்ணை போடறோம். நீங்கதான் ஹிமாசல்ல இருக்கீங்களே, ஒரு கத்தி நாய்க்குட்டி பார்த்துக் குடுங்க. நல்லா வெறியா இருக்கணும்." (வெட்டுகிற கத்தி இல்லைங்க. கங்கையில் வரும் 'க' போட்டுப் படியுங்கள். இங்கே ஆடு மேய்க்கும் மக்களின் பெயர் அது.)

மன்னிக்கணும். பார்த்துத் தரமாட்டேன். காரணம் இதோ.

முதலில் அந்த வெறி. கோடையில் லாஹூல் பக்கம் மேலேறி, குளிருக்கு அடிவாரம் இறங்கும் மந்தையோடு நடக்கிற நாய் இது. சிறுத்தை கவ்வாமலிருக்கக் கழுத்தில் இரும்பு முள்பட்டை. அதைப் பார்த்துத்தான் நம்மாட்கள் மயங்குகிறார்கள். சிறுத்தையை எதிர்ப்பது என்றோ ஒரு ராத்திரி வேலை சார். ஆடுகளுக்கு நடுவே சும்மா படுத்திருப்பதுதான் தினசரி வேலை. வெறிநாய் பக்கத்தில் எந்த ஆடு அசைபோடும்?

அந்த நிதானம் ரத்தத்தில் மட்டும் வராது. பிறந்த 3 வாரத்திலிருந்து 14 வாரம் வரை குட்டி யாரோடு பழகுகிறதோ அவர்களே அதற்குச் சொந்தம். 8 வாரத்தில் பட்டிக்குப் போய்விட வேண்டும். கூட முட்டாத ஆடுகள் நாலு, குட்டி ஒதுங்க ஒரு தட்டி மறைப்பு. நீங்களோ பிளாட்டில் பிள்ளைகளோடு ஆறு மாசம் பந்து விரட்டவிட்டு, பிறகு ஊருக்கு அனுப்புவீர்கள். அது ஆட்டுக்குட்டியையும் பந்து மாதிரிதானே விரட்டும்?

பட்டியில் வளர்ந்ததும்கூட விடலைப் பருவத்தில் ஆட்டின் காதைக் கடித்து விளையாடும். அடித்தால் ஆட்டைக் கண்டாலே மிரளும். நீளக் கயிற்றில் பிடித்து மந்தைக்குள் நடத்தணும். துரத்தப் பார்த்தால் நிறுத்தணும், அமைதியாக நின்றால் தட்டிக்கொடுக்கணும். ஈனுகிற ஆட்டிடம் தனியே விடவே கூடாது. நம்பிக்கைக்கு உரியதாக ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகும். ரெண்டு வருஷ டெபாசிட்டை எட்டாம் மாசம் உடைத்துவிட்டு வட்டி எங்கே என்று கவுண்டரில் கத்துவதுபோல, "இந்த ஜாதியே சரியில்லை" என்று நாயைச் சங்கிலியில் கட்டுவது என்ன நியாயம்? பனிக்கு வளர்ந்த ரோமத்தோடு, அதுவும் நம்மூர் சித்திரை வெயிலில்!

2025-இல் கர்னால் தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் கத்தி நாயைத் தனி இனமாகப் பதிவு செய்தது. சந்தோஷம். ஆனால் சர்டிபிகேட் ஆடு காக்காது. அமெரிக்காவின் நவஹோ மக்கள் கலப்பின நாய்க்குட்டிகளையே ஆட்டோடு வளர்த்துக் காவலுக்கு வைப்பதை 1980-களிலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். ஜாதியைவிட வளர்ப்பு முக்கியம்.

ஆகவே மக்களே, என்னிடம் குட்டி கேட்குமுன் ஒன்று சொல்லுங்கள். தினமும் பட்டியில் அதோடு உட்கார உங்கள் ஊரில் ஆள் இருக்கிறாரா? இருந்தால் தெருக்கோடி நாட்டுக்குட்டியே போதும். இல்லையென்றால் இமயமலையையே பெயர்த்துக்கொண்டு போனாலும் பிரயோசனமில்லை.