வெயிலுக்கு ஓர் அணை

முக்கொம்பில் அகண்ட காவேரி இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை காவேரி என்ற பெயருடனேயே வயல்களை நோக்கிச் செல்லுகிறது. மற்றொன்று கொள்ளிடமாகி, வெள்ள காலத்தில் மிஞ்சிய ஜலத்தைக் கடலுக்குக் கொண்டுபோகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே ஸ்ரீரங்கம் தீவு இருக்கிறது. ஆற்றில் ஜலம் வருவது வேறு, அது வேண்டிய காலத்தில் வேண்டிய இடத்தில் நிற்பது வேறு என்பதைத் திருச்சிராப்பள்ளி ஜில்லாவாசிகளுக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. கல்லணையும், 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையும், 1934-இல் முடிந்த மேட்டூர் அணையும் அந்தப் பாடத்தையே போதிக்கின்றன.

நாம் இன்று எழுதப் புகுந்தது ஜல விஷயமன்று, வெயில் விஷயம். ஆனால் நியாயம் ஒன்றேதான். தமிழ்நாட்டில் சூரிய வெளிச்சத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் காரியம் வேகமாக வளர்ந்திருக்கிறது. அதைத் தேக்கி வைக்கும் காரியமோ அந்த வேகத்தில் வளரவில்லை. அணையில்லாத ஆற்றுக்கு என்ன கதியோ அதே கதி இந்த மின்சாரத்துக்கும் நேருகிறது.

நடந்ததைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். 2012-ஆம் வருஷத்தில் மின்சார வெட்டினால் ஜில்லாக்கள் பட்ட அவஸ்தையை யாரும் மறந்திருக்க முடியாது. அவ்வருஷம் அக்டோபரில், முதல் மந்திரியாகவும் சட்டசபையில் ஸ்ரீரங்கம் தொகுதியின் பிரதிநிதியாகவும் இருந்த செல்வி ஜெயலலிதா சூரிய சக்திக் கொள்கையொன்றை வெளியிட்டார். 2015-க்குள் 3,000 மெகாவாட் என்பது அதன் சங்கல்பம். கெடு வந்தபோது அது நிறைவேறவில்லை. 2019-இல் மற்றொரு கொள்கை வந்தது. 2023-க்குள் 9,000 மெகாவாட் என்றும், அதில் நூற்றுக்கு 40 பங்கு உபயோகிப்போரின் சொந்த இடங்களிலிருந்தே வரவேண்டும் என்றும் அது கூறிற்று. 2023 மார்ச்சில் மொத்தம் ஏழாயிரத்தைக்கூட எட்டவில்லை. 2025 மார்ச்சில்தான் பத்தாயிரத்தைத் தாண்டியது. காலம் தவறினாலும் காரியம் நடந்ததே என்று சந்தோஷப்படலாம். ஆனால் அதில் பெரும் பகுதி நிலத்தில் பரப்பிய பெரிய நிலையங்களுடையது. 2016-இல் ராமநாதபுரம் ஜில்லா கமுதியில் அதானி கம்பெனியார் நிறுவிய 648 மெகாவாட் நிலையம் இதற்குத் தக்க உதாரணம். குடிஜனங்களின் கூரைகளுக்குக் கிடைத்த பங்கு சொற்பமே.

இனி, உண்டான மின்சாரம் என்ன ஆகிறது என்று பார்ப்போம். வெயில் உச்சிவேளையில் உக்கிரமாக அடிக்கிறது. வீடுகளில் விளக்கும் விசிறியும் அடுப்படிச் சாதனங்களும் ஒருங்கே ஓடுவதோ அஸ்தமனத்துக்குப் பிறகு. பகலில் மிஞ்சுவதை வைத்துக்கொள்ள இடமில்லாமையால், நிலையங்களை நிறுத்திவைக்கும்படி உத்தரவு போவதுண்டு. இவ்விதம் தமிழ்நாட்டில் நிறுத்தியவற்றில் பல மின்பாதையின் பந்தோபஸ்துக்காக அன்று, பணக் கணக்குக்காகவே செய்யப்பட்டன என்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில் தீர்மானித்து, நஷ்டஈடு கொடுக்கும்படி உத்தரவிட்டது. வெயிலும் வீண், அதற்குத் தண்டமும் கட்ட வேண்டும்! அதே நாளின் மாலையில் சந்தையில் மின்சாரம் வாங்கப் போனால், விலை யூனிட்டுக்கு 10 ரூபாய் என்ற உச்சவரம்பைத் தொட்டு நிற்பதும் உண்டு. நண்பகலில் கொள்ளிடத்தில் வடியவிட்டு, சாயங்காலம் குடத்துக்கு விலை பேசும் குடித்தனம் இது.

தேக்கும் வித்தை நமக்குத் தெரியாததன்று. ஆனைமலையில் காடம்பாறை நிலையம் 1980-களின் கடைசியிலிருந்து அதைச் செய்து காட்டியிருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது ஜலத்தை மேல் நீர்த்தேக்கத்துக்கு ஏற்றி, தேவை மிகும்போது கீழே விட்டு 400 மெகாவாட் வரை எடுக்கலாம். அதன் பிறகு நீலகிரிக் குந்தாவில் எடுத்துக்கொண்ட 500 மெகாவாட் வேலை, குறித்த கெடுக்களையெல்லாம் தாண்டி இழுத்தது. பாட்டரி விஷயத்தில், 500 மெகாவாட்டை இரண்டு மணி நேரம் தரவல்ல நிலையங்களுக்கு சர்க்காரின் பசுமை எரிசக்திக் கழகம் 2025-இல் டெண்டர் கோரிற்று. நல்ல ஆரம்பமே. ஆனால் 2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாடு ஒரே சமயத்தில் கேட்ட மின்சாரம் 20,830 மெகாவாட். அதற்கு இது ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு.

பாட்டரிக்கு விலை அதிகம் என்று சிலர் ஆக்ஷேபிப்பார்கள். பதினைந்து வருஷங்களுக்கு முன் அது உண்மை. 2010-இல் இருந்த விலையில் பத்தில் ஒரு பங்குக்கு லிதியம் பாட்டரி இறங்கிவிட்டது. தென் ஆஸ்திரேலியா 2017-லேயே 100 மெகாவாட் பாட்டரி நிலையமொன்றை அமைத்தது. 2024 ஏப்ரலில் கலிபோர்னியாவில் ஒரு மாலை, மற்றெல்லா மூலங்களையும்விட அதிகமாகப் பாட்டரிகளே மின்சாரம் அளித்தன. அங்கே நடப்பது இங்கே ஏன் நடக்கலாகாது?

மேலும், பாட்டரி ஒன்றே சேமகலம் அன்று. திருச்சி நகரத்தார் குடிக்கும் ஜலம் ஆற்றுப் படுகைக் கிணறுகளிலிருந்து மின்சாரத்தால் இறைக்கப்பட்டு மேல்நிலைத் தொட்டிகளுக்கு ஏறுகிறது. மாநகராட்சி பஞ்சப்பூரில் 2.4 மெகாவாட் சூரிய நிலையம் நிறுவியிருப்பது மெச்சத்தக்கது. இறைப்பையும் கூடியவரை உச்சிவேளையிலேயே நடத்தினால், ஒவ்வொரு தொட்டியும் காசில்லாமல் ஒரு பாட்டரியாகும். பாசனப் பம்புகளுக்கும் இதே யுக்தி பொருந்தும். அதற்காக விவசாயியின் இலவச மின்சாரத்தில் யாரும் கைவைக்க வேண்டியதில்லை. நேரத்தை மாற்றினால் போதும்.

ஸ்ரீரங்கத்து வீதிகளைப் பார்ப்போம். வீடுகள் சுவரோடு சுவராக நெருங்கி நிற்கின்றன. மொட்டைமாடி ஒருவருடையது, குடியிருப்போர் பல குடும்பத்தார். இந்திய சர்க்காரின் 2024-ஆம் வருஷத்துத் திட்டப்படி 3 கிலோவாட் சூரியப் பலகைக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் கூரையில்லாத வாடகைக்காரருக்கு அதனால் என்ன பிரயோஜனம்? பல குடும்பங்கள் ஒரு நிலையத்தில் பங்கு வைத்து, அவரவர் பில்லில் அவரவர் பங்கைக் கழித்துக்கொள்ள டில்லியில் 2019-லேயே வழி செய்யப்பட்டது. அந்த வசதி சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் கைக்கெட்ட வேண்டும். சிறு தொழிலாளிகளையும் மறக்கலாகாது. சொந்தக் கூரையில் உண்டாக்கி, சொந்த யந்திரத்துக்கு உபயோகிக்கும் மின்சாரத்துக்கும் அவர்கள்மீது பாதைக் கட்டணம் விதிக்கப்பட்டது. முறையீடு வலுத்த பிறகே 2023-இல் சர்க்கார் அதைப் பாதியாக்க முன்வந்தது. கேட்டவர்க்குக் கிடைத்தது என்பதே இதன் படிப்பினை.

சுதேசி அபிமானிகள் கவனிக்க வேண்டிய அம்சம் ஒன்றுண்டு. திருவெறும்பூரில் 1965 முதல் பாரத மிகுமின் நிறுவனம் நிலக்கரி நிலையங்களுக்குக் கொதிகலன் செய்து வந்திருக்கிறது. அதை அண்டி எத்தனையோ இரும்புப் பட்டறைகள் பிழைக்கின்றன. கொதிகலன் கேட்பார் குறைந்த நாட்களில் அப்பட்டறைகள் பட்ட துன்பத்தை ஊரார் அறிவர். பலகைகளைத் தாங்கும் சட்டமும், பாட்டரிகளை அடக்கும் பேழையும் இரும்பு வேலைதானே! 2024-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகிலும் கங்கைகொண்டானிலும் சூரியப் பலகைத் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. பாட்டரியின் உயிரான செல்லுக்கோ இன்றும் பெரும்பாலும் சீனாவையே எதிர்பார்க்கிறோம். சர்க்கார் டெண்டர்களில் உள்நாட்டு வேலைக்கு நிச்சயமான பங்கு ஒதுக்கப்படாவிட்டால், வெயில் நம்முடையதாகவும் லாபம் பிறருடையதாகவும் முடியும்.

ஆகவே நாம் கோருவன நான்கு. புதிதாக அனுமதிக்கும் ஒவ்வொரு பெரிய சூரிய நிலையத்தோடும் குறிப்பிட்ட அளவு சேமிப்பும் சேரவேண்டும். பலகைகள் தரிசு நிலத்திலும் கூரையிலும் நிற்கட்டும். காவேரிப் பாசன வயலில் வேண்டாம். கூரையில்லாதவருக்கும் பங்கு கிடைக்கவேண்டும். மாதந்தோறும் எத்தனை யூனிட் வெயில் மின்சாரம் வீணடிக்கப்பட்டது, ஏன் என்ற கணக்கு ஜனங்கள் முன் வைக்கப்படவேண்டும்.

இவற்றில் கடைசியானதே முக்கியம். கணக்குத் தெரியாத நஷ்டத்துக்குக் கேள்வி கேட்பாரில்லை. 2018 ஆகஸ்டு 22-ஆம் தேதி இரவு முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் ஒன்பது அடித்துக்கொண்டு போனபோது, ஊரே கரையில் கூடிக் கேள்வி கேட்டது. வெயில் மின்சாரம் வீணாகும்போது சத்தமே கேட்பதில்லை. அதனாலேயே நாம் விழித்திருக்க வேண்டும். வோட்டுக் கேட்டு வாசலுக்கு வருபவர்களிடம், எத்தனை மெகாவாட் உண்டாக்குவீர்கள் என்று கேட்டது போதும். எத்தனையைத் தேக்கி வைப்பீர்கள், எந்தத் தேதிக்குள் என்று இனிக் கேட்போமாக.