இசைக்கு எல்லை இல்லை... கேட் உண்டு!

'இசைக்கு மொழி இல்லை, மதம் இல்லை, எல்லை இல்லை.'

வெளிநாட்டு ஆர்க்கெஸ்ட்ரா ஒன்று எந்த ஊரில் போய் இறங்கினாலும், மைக் முன்னால் நிற்கிற தூதரோ மந்திரியோ இந்த மூன்றையும் சொல்லாமல் மேடையை விட்டு இறங்க மாட்டார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கை தட்டவும் தோன்றுகிறது. எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். எல்லையே இல்லாத இசைக்கு எதற்கு ஒரு கேட்? கேட்டில் எதற்கு இத்தனை போலீஸ்? உள்ளே போக எதற்கு பாஸ்?

நம் நாட்டிலேயே நடந்த ஒன்றைப் பார்ப்போம். 2013 செப்டம்பர் 7. ஸ்ரீநகர் ஷாலிமார் தோட்டம். மும்பையில் பிறந்து உலகப் புகழ் பெற்ற ஜுபின் மேத்தா, ஜெர்மனியின் மியூனிக் நகரத்து பவேரிய அரசு ஆர்க்கெஸ்ட்ராவை அங்கே அழைத்து வந்து, பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியை நடத்தினார். ஏற்பாடு, ஜெர்மன் தூதரகம். நிகழ்ச்சிக்குப் பெயர் 'எஹ்சாஸ்-ஏ-காஷ்மீர்'. காஷ்மீரின் உணர்வு என்று அர்த்தம். காஷ்மீர் மக்களுக்காகவே நடத்துகிறோம் என்றார்கள்.

சரி, மக்கள் எங்கே இருந்தார்கள்? வீட்டுக்குள். அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டுமே அனுமதி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வி.ஐ.பி.கள் உள்ளே. வெளியே முள்கம்பி, செக்போஸ்ட், துப்பாக்கி. பிரிவினைவாதத் தலைவர் கிலானி ஹர்த்தாலுக்கு அழைப்பு விடுத்திருந்தார். 'உங்களுக்காகத்தான் வாசிக்கிறோம், தூர்தர்ஷனில் பார்த்துக்கொள்ளுங்கள்' என்பதுதான் ஊர்க்காரனுக்குக் கிடைத்த மரியாதை. கல்யாண வீட்டுக்காரனைத் தெருவில் நிறுத்திவிட்டு, விருந்தாளிகள் மட்டும் பந்தியில் உட்கார்ந்த கதை!

அதே நாளில் ஸ்ரீநகரின் இன்னொரு மூலையில் உள்ளூர் ஆட்கள் சிலர் போட்டிக் கச்சேரி நடத்தினார்கள். பெயர் 'ஹகீகத்-ஏ-காஷ்மீர்'. காஷ்மீரின் நிஜம். அதே நாளில்தான் ஷோபியானில் சி.ஆர்.பி.எஃப். சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள். தாக்க வந்தவர்கள் என்றது படை. இல்லவே இல்லை என்றார்கள் ஊர்மக்கள். உணர்வு ஒரு பக்கம், நிஜம் இன்னொரு பக்கம்.

மேத்தாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அடுத்த முறை ஸ்டேடியத்தில், எல்லோருக்குமாக நடத்துவோம் என்று மேடையிலேயே ஆசைப்பட்டார். ஆனால், அது ஏன் அந்த முறையே நடக்கவில்லை என்பதுதான் என் கேள்வி.

உடனே சிலர் சண்டைக்கு வருவார்கள். 'எதற்கெடுத்தாலும் அரசியலா? ஒரு நல்ல கச்சேரியை ரசிக்கக்கூட விட மாட்டீர்களா?'

ரசியுங்கள் சார், தாராளமாக. ஆனால், ஒரு ஆர்க்கெஸ்ட்ரா ஊர் விட்டு ஊர் போவது எப்படி என்று கொஞ்சம் யோசியுங்கள். நம் ஊர் வித்வான் தம்புராவோடு ரயிலேறுவது மாதிரி அல்ல அது. எண்பது, நூறு பேர். ஆள் உயர டபுள் பேஸ்களுக்குத் தனித்தனிப் பெட்டி. ஹார்ப், டிம்பனி முரசுகள். விமானம், ஓட்டல், இன்ஷூரன்ஸ், விசா. டிக்கெட் விற்ற காசில் இதெல்லாம் கட்டுப்படியாவது அபூர்வம். ஆக, யாராவது ஒருவர் பர்ஸைத் திறக்க வேண்டும். அது அரசாங்கமாக இருக்கும். இல்லாவிட்டால் பாங்க், கார் கம்பெனி, கைக்கடிகாரக் கம்பெனி. பர்ஸைத் திறந்தவர் சும்மா இருப்பாரா? முன்வரிசை அவருக்குத்தான்.

இதை ரசிகர்கள் மறந்தாலும் அரசாங்கங்கள் மறப்பதில்லை. 1956-ல் பாஸ்டன் சிம்பொனி லெனின்கிராடுக்கும் மாஸ்கோவுக்கும் போனது, 1973-ல் பிலடெல்பியா ஆர்க்கெஸ்ட்ரா மாவோவின் சீனாவுக்குப் போனது எல்லாமே ராஜதந்திரக் கணக்குதான். வெனிசுலாவைப் பாருங்கள். ஏழைப் பிள்ளைகளுக்கும் வயலின் கற்றுத்தருகிற திட்டம் என்று அந்த நாட்டு இளைஞர் ஆர்க்கெஸ்ட்ராக்களை உலகமே கொண்டாடியது. 2017-ல் அரசை எதிர்த்த ஊர்வலத்தில் ஓர் இளம் வயோலா கலைஞன் கொல்லப்பட்டான். அந்தத் திட்டத்திலேயே வளர்ந்த கண்டக்டர் குஸ்தாவோ டுடாமெல் வாய் திறந்து அரசைக் கண்டித்தார். அடுத்த மாதங்களிலேயே தேசிய இளைஞர் ஆர்க்கெஸ்ட்ராவோடு அவர் போகவிருந்த அமெரிக்கப் பயணத்தை அதிபர் மதுரோவின் அரசு ரத்து செய்துவிட்டது. இசைக்கு அரசியல் இல்லை என்றால், பயணத்தை ரத்து செய்ய அதிபருக்கு என்ன வேலை?

பெரிய கூத்து, ரஷ்யாவின் வலேரி கெர்கியேவ் விஷயத்தில் நடந்தது. 2008-ல் ஜார்ஜியப் போர் முடிந்த கையோடு, தன் மரீன்ஸ்கி ஆர்க்கெஸ்ட்ராவைத் தெற்கு ஒசேஷியாவுக்குக் கூட்டிப்போய் வாசித்தவர் அவர். 2014-ல் கிரிமியாவை புதின் எடுத்துக்கொண்டதை ஆதரித்துக் கையெழுத்துப் போட்டார். 2016 மே மாதம் சிரியாவின் பல்மைராவுக்குப் போனார். ஐ.எஸ். ஆட்கள் கைதிகளைக் கொன்ற அதே பழைய ரோமானிய அரங்கத்தில், பாக்கும் ப்ரொகோஃபியேவும் ஒலித்தன. புதின் திரையில் தோன்றிப் பேசினார். எதிரே சிப்பாய்கள். அன்றைக்கே அதே சிரியாவின் வடக்கே அகதி முகாம் ஒன்றின் மேல் குண்டு விழுந்து சுமார் முப்பது பேர் செத்தார்கள். அந்த டிசம்பரிலேயே பல்மைரா மறுபடி ஐ.எஸ். கைக்குப் போனது. கச்சேரி என்னவோ வெற்றி!

இத்தனைக்கும் நடுவே மேற்கத்திய நகரங்கள் என்ன செய்தன? அழைத்தன, கை தட்டின. 2015-ல் மியூனிக் பில்ஹார்மானிக் அவரைத் தலைமைக் கண்டக்டராகவே உட்கார வைத்தது. கேட்டால், இசை வேறு, அரசியல் வேறு. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் ஒரே வாரத்துக்குள் அதே மியூனிக், கண்டித்துப் பேசாத குற்றத்துக்காக வேலையை விட்டு நீக்கியது. 2025-ல் இத்தாலி அவரை மறுபடி அழைத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் ரத்து செய்தது. ஏழெட்டு வருஷம் தெரியாத அரசியல் ஒரே வாரத்தில் எப்படித் தெரிந்தது? தெரியாமல் இல்லை. அதுவரை அது சௌகரியமாக இருந்தது. அவ்வளவுதான்.

அப்படியானால் யாரும் எங்கேயும் போகவே கூடாதா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். போங்கள். கண்ணைத் திறந்துகொண்டு போங்கள்.

2008 பிப்ரவரி 26 அன்று நியூயார்க் பில்ஹார்மானிக் வட கொரியாவின் பியாங்யாங்கில் வாசித்தது. அரங்கில் இருந்தது அரசு பொறுக்கியெடுத்த கூட்டம்தான். ஆனால், போகும் முன்பே ஆர்க்கெஸ்ட்ரா நிபந்தனை போட்டது. நாடு முழுக்க ஒளிபரப்ப வேண்டும். வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களை விட வேண்டும். குழுவில் இருக்கிற கொரிய வம்சாவளிக் கலைஞர்களுக்குத் தொல்லை கூடாது. இரு நாட்டு தேசிய கீதமும் அந்த மேடையில் ஒலித்தன. கடைசியில் எல்லாக் கொரியர்களுக்கும் சொந்தமான 'அரிராங்' நாட்டுப்பாடலை வாசித்தபோது சபை உருகியது. அடுத்த வருஷமே வட கொரியா அணுகுண்டு சோதனை நடத்தியது என்பதும் உண்மை. வயலின் வாசித்து அணுகுண்டை நிறுத்த முடியாது. ஆனால், அழைத்தவனிடம் நிபந்தனை போட முடியும். அதையாவது செய்தார்கள்.

டேனியல் பாரன்பாயிம் இன்னும் ஒரு படி மேலே போனார். பாலஸ்தீன அறிஞர் எட்வர்ட் சயீத்தோடு சேர்ந்து 1999-ல் அவர் தொடங்கிய ஆர்க்கெஸ்ட்ராவில், இஸ்ரேலிய இளைஞனும் அரபு இளைஞனும் ஒரே நோட்டைப் பார்த்து வாசித்தார்கள். ஒரு நாள் கூத்தல்ல. ஒன்றாகத் தங்கி, சாப்பிட்டு, சண்டை போட்டு, பயிற்சி எடுத்தார்கள். 2005-ல் ராமல்லாவில் வாசித்தார்கள். 2011-ல் பாரன்பாயிம், ஐரோப்பிய ஆர்க்கெஸ்ட்ராக்களிலிருந்து கலைஞர்களைத் திரட்டிக்கொண்டு எகிப்து வழியாக காஸாவுக்குள் போய் மோஸார்ட் வாசித்தார். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இருந்தார்கள். அதனால் அங்கே சமாதானம் வந்துவிட்டதா? வரவில்லை. அது உலகத்துக்கே தெரியும். ஆனால், யாருக்காக வாசிக்கிறேன் என்று சொன்னாரோ, அவர்கள் எதிரே இருந்தார்கள். அந்த நேர்மைக்கு ஒரு சலாம்.

ஆக, எந்த நாட்டு ஆர்க்கெஸ்ட்ரா எந்த ஊருக்கு வந்தாலும், கை தட்டும் முன் மூன்றே கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று, காசு யாருடையது?

இரண்டு, நாற்காலியில் யார்?

மூன்று, அவர்கள் போன பிறகு அந்த ஊரில் என்ன மிச்சம்?

மூன்றாவதுதான் முக்கியம். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஷாலிமார் தோட்டத்தில் பீத்தோவன் ஒலித்த அதே 2013-ன் தொடக்கத்தில், அதே காஷ்மீரில் மூன்று பள்ளி மாணவிகள் ஒரு ராக் பேண்ட் வைத்திருந்தார்கள். 'பிரகாஷ்' என்று பெயர். ஆள் பெயர் அல்ல, வெளிச்சம் என்று அர்த்தம். இன்டர்நெட்டில் ஆபாச வசவு, மிரட்டல். தலைமை முஃப்தி ஃபத்வா போட்டார். முதல்வர் ஆதரவாகப் பேசினார், போலீஸ் வழக்கு போட்டது. ஆனாலும், அந்தப் பெண்கள் பயந்துபோய் கிடாரைக் கீழே வைத்துவிட்டார்கள்.

ஜெர்மன் வயலினுக்கு ஊரையே அடைத்துக் காவல் கொடுக்க முடிந்தது. உள்ளூர்ப் பெண்ணின் கிடாருக்கு அந்த தைரியத்தைக் கொடுக்க யாராலும் முடியவில்லை. அந்த ஆர்க்கெஸ்ட்ராவிலிருந்து நாலே நாலு பேர், தூதரகச் செலவில் ஆறு மாதம் ஸ்ரீநகரில் தங்கி, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால், ஒரு மாலைக் கச்சேரியை விட அதற்குச் செலவு குறைவு. டி.வி.யில் வந்திருக்காது. வி.ஐ.பி.களுக்கு முன்வரிசை கிடைத்திருக்காது. ஆனால், ஊரில் நாலு பிள்ளைகள் வாசித்துக்கொண்டிருக்கும்.

எல்லை இல்லாத இசை என்றால் அதுதான். மற்றதெல்லாம் தூதரக விருந்து. பின்னணியில் பீத்தோவன்.