சுற்றுச்சூழல் பாடத்தை நடத்திய 'கண்டவன்களில்' ஒருவன்

போன வாரம் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. பந்தியில் என் பக்கத்து இலையில் ஒரு இளைஞர். சுற்றுச்சூழல் அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கி, ஒரு தனியார் கல்லூரியில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார். பேச்சு எப்படியோ வேலைவாய்ப்புக்கு வந்தது. "ஈ.வி.எஸ். பேப்பரைக் கண்டவனும் நடத்துறான் சார். தமிழ், இங்கிலீஷ், காமர்ஸ், பி.டி. மாஸ்டர் வரைக்கும். உங்களுக்கு ஆபரேஷன்னா தமிழ் வாத்தியார்கிட்ட போய்ப் படுப்பீங்களா?" என்றார்.

நான் தமிழ் வாத்தியார். அந்தப் பேப்பரை ஆறு வருஷம் நடத்தியவன். இது அவருக்குத் தெரியாது. பாயசம் வந்ததால் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவர் பக்கத்து நியாயம். 1991 நவம்பரில், எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் போட்ட வழக்கில், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நம் ஆட்கள் பன்னிரண்டு வருஷம் அதை ஊறப்போட்டார்கள். 2003-இல் நீதிமன்றம் மறுபடி காதைத் திருகிய பிறகுதான் கல்லூரிகளில் பாடம் வந்தது. எல்லா இளநிலைப் பட்டத்துக்கும் ஆறு மாதப் பாடம், ஐம்பது வகுப்பு என்று பல்கலைக்கழக மானியக் குழு பாடத்திட்டம் போட்டது. பாடம் வந்ததே தவிர, எனக்குத் தெரிந்த கல்லூரிகள் எதிலும் அதற்கென்று ஆசிரியர் பணியிடம் வரவில்லை. அந்தத் துறையில் படித்துவிட்டு வேலை தேடி அலைகிற பிள்ளைகளுக்கு வயிறு எரியத்தான் செய்யும். அந்த இளைஞர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆனால் அந்த ஆபரேஷன் உதாரணம் இருக்கிறதே, அதைத்தான் விட முடியவில்லை. மானியக் குழு இந்தப் பாடத்துக்கென்று 2004-இல் வெளியிட்ட பாடநூலை எழுதியவர் புனேயைச் சேர்ந்த டாக்டர் எராக் பரூச்சா. அவர் தொழில் என்ன தெரியுமா? அறுவை சிகிச்சை மருத்துவர்! ஆபரேஷன் செய்கிறவர் எழுதிய புத்தகத்தை வைத்துக்கொண்டுதான் நாடு முழுக்கப் பாடம் நடந்தது. காடு, பறவை, விலங்கு என்று சொந்த ஆர்வத்தில் அலைந்து தேடிய மனிதர் அவர், எழுதத் தகுதி இருந்தது, எழுதினார். நம் தமிழில் பறவைகளையும் விலங்குகளையும் பற்றி வாசகனுக்குக் கற்றுக்கொடுத்த தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறையில் தலைமை அதிகாரியாக இருந்தவர், படித்தது வரலாறு. மா. கிருஷ்ணன் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950-இலிருந்து 1996-இல் சாகும் வரை இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதினாரே, எந்தப் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் பட்டம் வாங்கினார்? ரேச்சல் கார்சன் கல்லூரியில் சேர்ந்தது ஆங்கில இலக்கியம் படிக்கத்தான், உயிரியலுக்கு மாறியது பிறகு. பட்டத்தைக் காட்டினால்தான் உள்ளே விடுவேன் என்று வாசலில் ஆள் போட்டிருந்தால் இந்தத் துறையில் பாதிப் பேர் வெளியேதான் நின்றிருப்பார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2004 ஜூன். முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார்கள். "தமிழய்யா, உங்களுக்கு வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் குறையுது. ஈ.வி.எஸ். எடுத்துக்குங்க" என்றார். எனக்கு அதில் என்ன தெரியும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வகுப்பு நேரக் கணக்கு சரியாக வர வேண்டும், அவ்வளவுதான். எனக்கு எப்படி வந்ததோ அப்படியே வணிகவியல்காரருக்கும் இயற்பியல்காரருக்கும் வந்தது. யாருக்கு மணி நேரம் குறைகிறதோ அவர் தலையில்.

முதல் வருஷம் நான் நடத்திய லட்சணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கைடு வாங்கி வைத்துக்கொண்டு வாசித்தேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். பரீட்சையில் நான் வாசித்ததை எனக்கே திருப்பித் தந்தார்கள்.

அந்தப் பாடத்திட்டத்தில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. நூறு மதிப்பெண்ணில் எழுபத்தைந்துதான் தேர்வுக்கு. மீதி இருபத்தைந்து களப்பணிக்கு. பக்கத்து ஆறு, குளம், மாசுபட்ட இடம், ஊர்ச் செடி, பூச்சி, பறவை எதையாவது நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும். இருந்ததிலேயே உருப்படியான பகுதி அதுதான். அதை என்ன செய்தோம்? ரெக்கார்டு நோட்டைப் பார்த்து ரெக்கார்டு நோட்டு எழுதவிட்டோம். ஒரு வருஷம் நாற்பது பேர் வேடந்தாங்கல் போய்வந்ததாக எழுதியிருந்தார்கள். நாற்பது பேரும் ஆகஸ்ட் மாதம் போயிருக்கிறார்கள், நாற்பது பேரும் ஆயிரக்கணக்கில் வெளிநாட்டுப் பறவைகளைக் கண்டு களித்திருக்கிறார்கள். ஆகஸ்டில் அங்கே பறவைகளுக்கு என்ன வேலை? கார்த்திகை பிறக்க வேண்டாமா? அதைக் கவனிக்காமல் இருபத்தைந்துக்கு இருபத்திரண்டு போட்ட மகானுபாவன் நான்தான்.

மாறியது ஒரு பையனால். பிள்ளையார்பாளையத்துப் பையன், அப்பா பட்டுக்குச் சாயம் போடுகிறவர். நீர் மாசுபாடு வாசித்துக்கொண்டிருந்தேன். சாயக் கழிவு என்று ஒரு வரி வந்தது. பையன் எழுந்து, "ஐயா, எங்க வீட்டுச் சாயத் தண்ணி எங்க போகுதுன்னு இதுல போட்டிருக்கா?" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பிறந்து வளர்ந்த ஊர். பாலாற்றுத் தண்ணியில் போட்டால்தான் பட்டுக்கு அந்த நிறம் நிற்கும் என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தப் பாலாற்றில் மேலே வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் பதனிடும் ஆலைகள் செய்த கேட்டுக்காகத்தான், கெடுத்தவன் பணம் கட்ட வேண்டும் என்ற விதியை 1996-இல் உச்ச நீதிமன்றம் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. நம் ஆற்றின் பெயரோடு ஒட்டிய தீர்ப்பு. என் கையில் இருந்த கைடில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. கங்கையும் டெல்லிப் புகையும் இருந்தன.

மறுநாள் கைடை மூடினேன். "உங்க வீட்டுக்குத் தண்ணி எங்கிருந்து வருது, எங்க போகுது. ஒரு பக்கம் எழுதிட்டு வாங்க" என்றேன். வந்த தாள்களைப் பார்த்ததும் தலையில் கை வைத்தேன். "நீர் மனித வாழ்வின் இன்றியமையாத தேவையாகும்" என்று அறுபது பேர் ஆரம்பித்திருந்தார்கள். பன்னிரண்டு வருஷப் பள்ளிப் படிப்பு அவர்களுக்குக் கற்றுத்தந்த வாக்கியம் அது. திருப்பிக் கொடுத்தேன். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது, 'ஆகும்' போட்டு முடிக்காதே என்றேன். மூன்று தடவை திருப்பிக் கொடுத்த பிறகு வந்தது பாருங்கள். சாயக்காரர் பையன், பசை எடுக்கப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்த தண்ணியின் வாடையிலிருந்து ஆரம்பித்து, அது தெருச் சாக்கடையில் எந்த மணிக்கு எந்த நிறத்தில் ஓடும் என்பது வரை எழுதியிருந்தான். அவன் அம்மா முகூர்த்த மாதங்களில் வாசலில் கோலம் போடுவதில்லையாம், சாக்கடை பொங்கி ஏறிவிடும் என்று. இதைத் தமிழ் வாத்தியார் வாங்கினார். சுற்றுச்சூழலில் முனைவர் பட்டம் வாங்கியவர் வாங்கமாட்டார் என்று சொல்லவில்லை. ஆனால் எழுத்தைத் திருத்துவதும் ஒரு தொழில். முப்பது வருஷம் அதைச் செய்தவனுக்கு இந்தப் பாடத்தில் இடம் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

என் பெருமையை மட்டும் சொன்னால் அது நியாயமில்லை. அந்தப் பையன் கட்டுரையில், பிளீச்சிங் பவுடர் போட்டால் தண்ணி வெள்ளையாகிவிடும் என்று ஒரு இடம் வரும். நான் வகுப்பில், "அப்ப அதைப் போட்டுச் சுத்தம் பண்ணி விட்டா என்ன?" என்று கேட்டேன். கேட்டதோடு நிற்காமல், தீர்வு என்று கரும்பலகையில் வேறு எழுதினேன். வேதியியல் மேடம் தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர் பலகையைப் பார்த்துவிட்டார். மாணவர்கள் முன்னால் ஒன்றும் சொல்லவில்லை. ஆசிரியர் அறையில் வந்து, "ஐயா, நிறம்தான் போகும், உப்பு போகாது. நீங்க இன்னும் கொஞ்சம் சேர்க்கறீங்க" என்றார். அடுத்த வாரம் ஒரு டி.டி.எஸ். மீட்டரோடு என் வகுப்புக்கு வந்தார். குடிதண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்று சொல்லிவிட்டு, பையன் பாட்டிலில் கொண்டுவந்த வெளுத்த தண்ணியில் மீட்டரை வைத்தார். எண் ஆயிரக்கணக்கில் ஓடியது. கண்ணாடி மாதிரி இருந்த தண்ணி! வகுப்பே மேசையைச் சுற்றி நின்றது. நான் சொல்லிக்கொடுத்த தவறு அவர் வந்திருக்காவிட்டால் அறுபது நோட்டில் அப்படியே நின்றிருக்கும்.

அவருக்கும் ஒரு குறை இருந்தது. அவர் பிள்ளைகள் எழுதுவதெல்லாம் நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, முடிவு. சாக்கடைப் பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி எழுத அதில் இடமே இல்லை. அதனால் ஒரு பருவம் முழுக்க இரண்டு வகுப்பையும் சேர்த்து நடத்தினோம். வேகவதிக் கரையோரம் நடத்திக் கூட்டிப்போனோம். சர்வதீர்த்தக் குளத்தில் உட்கார்ந்து எழுதவைத்தோம். அந்த வருஷம் ரெக்கார்டு நோட்டில் வேடந்தாங்கல் ஒன்றுகூட இல்லை.

அடுத்த பருவம் நிறுத்திவிட்டார்கள். ஒரு வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் கணக்கு அட்டவணையில் வராதாம். ஆண்டு மலருக்கு நான் கொடுத்த அந்தப் பையனின் கட்டுரையும் திரும்பி வந்தது. ஊர்ப் பெயர் கெடும், பட்டு வியாபாரம் பாதிக்கும் என்றார்கள். ஆண்டு மலரைப் படித்துவிட்டு எந்தக் கல்யாண வீட்டார் பட்டு வாங்காமல் போனார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தகுதி தகுதி என்கிறார்களே, நம் பக்கத்து ஊரிலேயே ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன் தகுதி பேசியிருக்கிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், 919-இலும் 921-இலும் வெட்டியது, ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடவோலையில் எடுக்க விதி இருக்கிறது. சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35-க்கு மேல் 70-க்குள், வேதக் கல்வி. (எல்லோரையும் சேர்த்த ஜனநாயகம் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தப் பட்டியலை முழுக்கப் படிப்பதில்லை, அது வேறு சண்டை.) எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்தது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் குடத்துப் பக்கமே வரக்கூடாது, அவன் சொந்தக்காரனும் வரக்கூடாது. ஏரி, தோட்ட வாரியங்களில் ஏற்கெனவே வேலை பார்த்தவர்களுக்கும் கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களுக்கும்தான் மேலே இருந்த சம்வத்சர வாரியத்தில் இடம். ஏரிக்கரையில் நின்றிருக்கிறானா, கணக்கு கொடுத்திருக்கிறானா என்று கேட்டிருக்கிறார்கள். இந்தப் பாடம் நடத்துகிற யாரையாவது, நான் உட்பட, எந்த முதல்வராவது அப்படிக் கேட்டாரா? எத்தனை குளம் பார்க்கவைத்தாய், எத்தனை தாள் திருப்பிக் கொடுத்துத் திருத்தினாய் என்று?

ஆகையால் தம்பி, உங்களுக்குப் பணியிடம் கொடுக்கச் சொல்லி நீங்கள் மனு போட்டால் முதல் கையெழுத்து என்னுடையது. ஒவ்வொரு கல்லூரியிலும் உங்களைப் போல ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். மீட்டர் பிடிக்கத் தெரிந்தவர், நான் எழுதிய 'தீர்வை' அன்றே அழிக்கக்கூடியவர். ஆனால் எங்களை வெளியே தள்ளித்தான் நீங்கள் உள்ளே வர வேண்டும் என்று எவன் சொன்னான்? வணிகவியல்காரர் சாயப் பட்டறைக்குச் சுத்திகரிப்புச் செலவு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டட்டும். வரலாற்றுக்காரர் உத்திரமேரூருக்குக் கூட்டிப்போகட்டும். வேலை நேரத்தை நிரப்ப யாரையும் பிடித்துத் தள்ளாமல், விரும்பி வருகிறவரை மட்டும் எடுக்கட்டும். உங்கள் எதிரி நான் இல்லை, அந்த அட்டவணை.

நேற்று வேதியியல் மேடத்துக்குப் போன் செய்தேன். அவரும் ஓய்வு பெற்றாகிவிட்டது. ஏதாவது கல்லூரியில் கூப்பிட்டால் சம்பளமில்லாமல் வருவீர்களா என்று கேட்டேன். வருகிறேன் என்றார். மீட்டர் இன்னும் அவரிடம்தான் இருக்கிறதாம், பேட்டரிதான் மாற்ற வேண்டுமாம்.